20-ஹைட்ராக்ஸி எக்டைசோன் ஊசி போட்டும் தோல் கழலவில்லை: அளவு குறைவா, வேறு காரணமா?

புழுக்கூடு

விவரம் இதுதான். பட்டுப்புழு, ஐந்தாம் (கடைசிப்) பருவத்தில் ஒரு நாள் கடந்தவை, எடை சுமார் 1 கிராம். தோலுரிப்பைத் தூண்டும் ஹார்மோனான 20-ஹைட்ராக்ஸி எக்டைசோன் (இனி 20-இ) புழு ஒன்றுக்கு 10 மைக்ரோகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி. முதல் ஊசி போட்ட அரை நாளுக்குள் இலை தின்பது நின்றுவிடுகிறது. அடுத்து தலை ஓடு முன்னோக்கி நழுவி, அதற்குப் பின்னால் புதுத் தலை வெளுப்பாகத் தெரிகிறது. அதோடு சரி. பழைய தோல் கழலுவதே இல்லை, புழு உள்ளேயே அடைபட்டுச் சாகிறது. சலைன் (உப்புக் கரைசல்) மட்டும் போட்டவை சாதாரணமாக வளர்கின்றன.

இரண்டு கேள்விகள். ஒன்று, அளவை இன்னும் கூட்ட வேண்டுமா? இரண்டு, இதே வயதுப் புழுவின் முன்மார்புச் சுரப்பியை (எக்டைசோன் சுரக்கும் இடம்) வெளியே எடுத்து வளர்ப்பு ஊடகத்தில் வைத்து மூளைச் சாறு கொடுத்தால், எக்டைசோன் சுரப்பு துளியும் ஏறவில்லை. சாறு கெட்டுவிட்டதா, சுரப்பி கெட்டுவிட்டதா?

நிறமாலை

அளவைக் கூட்டாதீர்கள். இப்போதே எக்கச்சக்கம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கிராம் புழுவில் ஹீமோலிம்ப் (பூச்சியின் இரத்தம்) சுமார் 0.3 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 10 மைக்ரோகிராம் அதில் கலந்தால் மில்லிக்கு 33 மைக்ரோகிராம். 20-இ மூலக்கூறு எடை 480.6, ஆகவே அது ஏறக்குறைய 69 மைக்ரோமோலார். கூட்டுப்புழு ஆவதற்கு முன் இயற்கையாக வரும் பெரிய உச்சமே மில்லிக்குச் சில மைக்ரோகிராம்தான். அதைப் பல மடங்கு தாண்டிவிட்டு, 12 மணி நேரத்தில் மறுபடியும் ஏற்றுகிறீர்கள்.

சிக்கல் அந்த "மறுபடியும்" என்பதில் இருக்கிறது. தோலுரிப்பின் முதல் பாதியைத்தான் 20-இ ஏற்றம் செய்கிறது: மேல்தோல் செல்கள் பழைய கியூட்டிக்கிளிலிருந்து (செல்களுக்கு மேலே உள்ள கெட்டித் தோல்) விலகுவது, புது எபிக்யூட்டிக்கிள் (அதன் வெளி அடுக்கு) படிவது, தலை ஓடு நழுவுவது. இரண்டாம் பாதிக்கு ஹார்மோன் இறங்கியே ஆக வேண்டும். மூச்சுக்குழாய்களின் மேல் ஒட்டியிருக்கும் இன்கா செல்கள், தோல் கழற்றும் ஹார்மோனான ஈடிஎச்-ஐ 20-இ ஏறும்போது தயாரித்துச் சேமித்து வைக்கும். அதை வெளியே விடும் திறன், அளவு இறங்கியபின் தலைகாட்டும் பீட்டா-எஃப்டிஇசட்-எஃப்1 என்ற, ஜீன்களை இயக்கும் காரணி வந்த பிறகுதான் கிடைக்கும். தோல் கழற்றுவதைத் தூண்ட மூளையிலிருந்து வரும் எக்லோஷன் ஹார்மோனுக்கும் இதே நிபந்தனைதான். மண்டூக்கா செக்ஸ்டா என்ற அந்துப்பூச்சியில் 1983 வாக்கிலேயே காட்டிவிட்டார்கள்: தோல் கழற்ற வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னால் 20-இ ஏற்றினால் கழற்றுவது தள்ளிப்போகும், அளவு கூடக்கூடத் தாமதமும் கூடும். நீங்கள் அதைத்தான் இடைவிடாமல் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

புழுவிடம் சொந்தமாகக் கழிவு ஏற்பாடும் உண்டு. சிஒய்பி18ஏ1 என்ற நொதி 26-ஆம் கார்பனில் ஆக்சிஜன் ஏற்றி 20-இயைச் செயலற்றதாக்கும். ஒற்றை ஊசியாக இருந்தால் அது சமாளித்திருக்கும்.

வரப்பு

நிறமாலை சொல்வதை வயலில் கண்ணால் பார்க்க வேண்டுமானால் டெபுஃபெனோசைடு என்ற பூச்சிமருந்து அடித்த இலையில் புழுவைத் தேடுங்க. டைஅசைல்ஹைட்ரசின் வகை. ஸ்டீராய்டே கிடையாது, ஆனாலும் எக்டைசோன் ஏற்பியில் போய் உட்கார்ந்துக்கும், புழுவோட நொதியால அதைச் சீக்கிரம் உடைக்க முடியாது. அதனால ஏற்றம் உண்டு, இறக்கம் இல்லை. சில மணி நேரத்தில் தீனி நிற்கும், தலை ஓடு நழுவும், இரண்டு தலை மாட்டின மாதிரி நிற்கும், புதுத் தோல் கெட்டிப்படாது. உங்க புழு காட்டுற அறிகுறியில் ஒண்ணுகூட இதுக்கு மாறுபடலை.

அடையாளம் காண ஒரு வழி: டைஃப்ளுபென்சுரான் மாதிரி கைட்டின் (தோலைக் கட்டுற பொருள்) தடுப்பி சாப்பிட்ட புழு, அடுத்த தோலுரிப்பு வர்ற வரைக்கும் தின்னுக்கிட்டே இருக்கும், தோல் உரிக்கிற நேரத்தில் மெல்லிய தோல் கிழிஞ்சு சாகும். டெபுஃபெனோசைடு புழு முதல் நாளே வாயை மூடிடும். "மருந்து அடிச்சு மூணு நாள் ஆச்சு, புழு இன்னும் உயிரோட இருக்கு, மருந்து போலி" என்று எழுதுறவங்க புழுவோட தலையைப் பார்க்கிறதில்லை. உயிரோடு இருக்கும், தின்னாது, பயிருக்குச் சேதம் அப்பவே நின்னாச்சு. இது வயிற்றுக்குள் போய் வேலை செய்யற மருந்து, அதனால இலையின் அடிப்பக்கம் நனையணும். முட்டை பொரிக்கிற நேரத்தை ஒட்டி அடிச்சா நல்ல பலன், முற்றின புழுவுக்கு அடிச்சா தீனி தின்னு முடிச்ச பிறகு அடிச்ச கணக்குதான்.

வேம்பிலிருந்து வர்ற அசாடிராக்டினையும் இதே பெட்டியில் போடாதீங்க. அது ஏற்பியைத் தூண்டறது இல்லை. மூளை நரம்புச் சுரப்பு வெளியே வர்றதைக் கெடுத்து, எக்டைசோன் உச்சத்தையே குறைக்கும், தள்ளிப்போடும். அறிகுறி எதிர்ப்பக்கம்: தோலுரிப்பே தொடங்காம நீண்ட நாள் புழுவாவே கிடக்கும்.

சுரப்பி_நோக்கி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சாறும் கெடவில்லை, சுரப்பியும் கெடவில்லை. புழுவின் வயதுதான் காரணம். பட்டுப்புழுவில் ஐந்தாம் பருவத் தொடக்கத்துச் சுரப்பி ஏறக்குறைய ஊமை. எக்டைசோனும் சுரக்காது, சுரப்பியைத் தூண்டும் மூளை ஹார்மோனான பிடிடிஎச் கொடுத்தாலும் கேட்காது. பருவத்தின் நடுப்பகுதிக்கு வந்த புழுவில் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அதற்கு முன் சுரப்பியைத்தான் எடுக்கிறீர்களா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். புதிதாக எடுப்பவர்கள் கொழுப்புத் திசுவின் துண்டை எடுத்துவிடுவார்கள். முறை இப்படி:

புழுவைப் பத்து நிமிடம் பனிக்கட்டியில் வைத்து மயக்கவும். மெழுகுத் தட்டில் முதுகு மேலாக ஊசி குத்தி, முதுகு நடுக்கோட்டில் மேலோட்டமாக வெட்டி, இரு பக்கமும் விரித்துக் குத்தவும். சலைன் ஊற்றிக் குடலையும் பட்டுச் சுரப்பியையும் எடுத்துவிடவும். குடல் கிழிந்தால் அந்தப் புழுவை ஒதுக்கிவிடுங்கள், செரிமான நொதி எல்லாவற்றையும் கெடுக்கும். இப்போது முதல் மார்புக் கண்டத்தில் இருக்கும் சுவாசத்துளையை உள்பக்கத்திலிருந்து பாருங்கள். அங்கிருந்து புதர் போலக் கிளம்பும் மூச்சுக்குழாய்கள் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய நாடா படர்ந்திருக்கும். அதுதான் சுரப்பி. கொழுப்புத் திசு பால்வெள்ளை, சுரப்பிக்கு நிறமே கிடையாது, அதனால் மேலிருந்து நேராக விழும் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது. விளக்கைச் சாய்த்து வைத்தால் பெரிய பெரிய செல்கள் பளிச்சென்று வரிசையாகத் தெரியும். மூச்சுக்குழாயைப் பிடித்துத் தூக்கி வெட்டுங்கள், நாடாவை இடுக்கியால் தொடாதீர்கள்.

கிரேஸ் ஊடகத்தில் (பூச்சித் திசு வளர்ப்புக் கரைசல்) அரை மணி நேரம் முன்னூறல் வையுங்கள். வெட்டும்போது கசிந்ததும் ஒட்டிவந்த ஹீமோலிம்பும் அதில் போய்விடும். பிறகு 50 மைக்ரோலிட்டர் சொட்டில், ஈரப்பதமான மூடிய தட்டில், 25 டிகிரியில், 2 முதல் 6 மணி நேரம்.

முக்கியமான விஷயம்: ஒரே புழுவின் இடது சுரப்பி கட்டுப்பாடு, வலது சுரப்பி சோதனை. புழுவுக்குப் புழு சுரப்பு பல மடங்கு மாறும், ஆனால் ஒரே புழுவின் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். வலதை இடதால் வகுத்து வரும் விகிதம்தான் முடிவு. இந்த இரட்டை முறை மண்டூக்காவில் 1970-களின் இறுதியில் வந்தது, இன்றைக்கும் அதைவிட மலிவான நல்ல முறை இல்லை.

மூளைச் சாறுக்கு: மூளைகளை ஊடகத்தில் அரைத்து, கொதிநீரில் இரண்டு நிமிடம் வைத்து, மையவிலக்கில் சுற்றி, மேல்நீரை எடுக்கவும். பிடிடிஎச் சூடு தாங்கும், உடைக்கும் நொதிகள் தாங்காது. ஒரே செறிவில் நிற்காமல் பாதி பாதியாக நீர்க்கச் செய்து நான்கைந்து அளவுகளில் பாருங்கள். ஊடகத்தில் கால்சியம் இருக்கிறதா பாருங்கள். கால்சியம் இல்லாத சலைனில் பிடிடிஎச் வேலை செய்யாது, ஏனென்றால் ஏற்பியைத் தொட்டதும் முதலில் நடப்பது கால்சியம் உள்ளே பாய்வதுதான். அந்த ஏற்பி டார்சோ என்ற புரதம் என்று 2009-இல் உறுதியானது. "சாறு மோசமா, சுரப்பி மோசமா" என்று பிரித்தறிய ஏற்பியைத் தாண்டி நேரே செல்லுக்குள் போய்ச் சுரப்பியைத் தூண்டும் டைபியூட்டிரில் சைக்ளிக் ஏஎம்பி சில மில்லிமோலார் போட்டுப் பாருங்கள். அதற்கு ஏறி, சாறுக்கு ஏறாவிட்டால் சாறைச் சந்தேகிக்கலாம்.

பழ_ஈ

மேலே ஒரு விஷயம் விட்டுப்போச்சு. சுரப்பி 20-இ தயாரிக்காது. அது விடுறது எக்டைசோன். பல அந்துப்பூச்சிகளில் பெரும்பகுதி 3-டிஹைட்ரோ எக்டைசோனாவே வெளியே வரும், ஹீமோலிம்பில் இருக்கிற ரிடக்டேஸ் நொதி அதை எக்டைசோனாக்கும். 20-ஆம் கார்பனில் ஹைட்ராக்சில் ஏத்துறது ஷேட் நொதி, அது கொழுப்புத் திசு, குடல், மால்பீஜியன் குழல்ல இருக்கு.

இதனால ரெண்டு தொல்லை. ஊடகத்தில் 20-இ தெரிஞ்சா சந்தோஷப்படாதீங்க, கொழுப்புத் திசு ஒட்டிக்கிட்டு வந்திருக்குன்னு அர்த்தம். ரெண்டாவது, அளக்கிற கிட்டில் இருக்கிற எதிர்ப்பொருள் 3-டிஹைட்ரோ வடிவத்தைப் பிடிக்கலேன்னா சுரப்பி வேலை செஞ்சும் அளவு குறைவாத்தான் காட்டும். கிட் தாளில் குறுக்குவினை அட்டவணை (எதிர்ப்பொருள் எந்தெந்த வடிவத்தை எவ்வளவு பிடிக்கும்ன்னு) இருக்கும், வாங்குறதுக்கு முன்னாடி அதைப் படிக்கணும்.

புழுக்கூடு

குறுக்குவினை அட்டவணையில் எக்டைசோனும் 20-இயும் மட்டும் போட்டிருக்கிறார்கள். 3-டிஹைட்ரோ பற்றி ஒன்றும் இல்லை. ஹீமோலிம்ப் அளப்பதற்கும் இதே கிட்தான். பிரித்தெடுக்கும் படிகளை யாராவது எழுத முடியுமா? ஒரே மாதிரியை இரண்டு முறை அளந்தால் இரண்டு எண் வருகிறது.

நிறமாலை

சுரப்பி ஊடகத்துக்கு: 6 மணி நேரம் முடிந்ததும் ஊடகத்தை வேறு குழாய்க்கு மாற்றி, மிகக் குறைந்த எக்டைசோன் உள்ள ஹீமோலிம்ப் கொஞ்சம் சேர்த்து வைத்தால் அதிலுள்ள ரிடக்டேஸ் 3-டிஹைட்ரோவை எக்டைசோனாக மாற்றிவிடும். அந்த ஹீமோலிம்பை மட்டும் தனியே அளந்து கழித்துவிடுங்கள்.

ஹீமோலிம்புக்கு: வயிற்றுக் காலை நுனியில் வெட்டி, ஃபீனைல்தையோயூரியா சில படிகங்கள் போட்ட குளிர்ந்த குழாயில் சொட்டவிடவும். அது இல்லாவிட்டால் ஹீமோலிம்ப் கறுத்துப் புரதம் திரண்டு, பைப்பெட் நுனி அடைக்கும். எண் மாறி மாறி வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். 10 மைக்ரோலிட்டர் எடுத்து 300 மைக்ரோலிட்டர் மெத்தனாலில் விட்டு நன்றாகக் கலக்கி, 12,000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுற்றி, மேல்நீரை எடுக்கவும். அடியில் தங்கியதை 75 சதவீத மெத்தனாலில் மறுபடி கலக்கிச் சுற்றி, இரண்டையும் சேர்த்து உலர்த்தவும். இரண்டாம் முறையைத் தவிர்ப்பவர்கள் புரதத்தில் சிக்கியதை இழக்கிறார்கள். மீதிக் காரணம் அதுதான்.

உலர்ந்ததைக் கரைக்கும்போது குழாய்ச் சுவர் முழுவதும் நனைய வேண்டும். எண்ணெய்ப்படலம் போல ஏதாவது மிதந்தால் கொழுப்பு வந்திருக்கிறது. 70 சதவீத மெத்தனாலில் கரைத்து ஹெக்ஸேன் ஊற்றிக் குலுக்கி, மேலே நிற்கும் ஹெக்ஸேன் அடுக்கைக் கொட்டிவிடுங்கள். எக்டைசோன் கீழ் அடுக்கில்தான் இருக்கும், ஹைட்ராக்சில் நிறைய உள்ள ஸ்டீராய்டு ஹெக்ஸேனுக்குப் போகாது.

உச்ச நேரத்து மாதிரியை நீர்க்கச் செய்யாமல் கிட் தட்டில் போட்டால் அளவீட்டு வளைவின் தட்டையான முனையில் விழும், அங்கே இரண்டு மடங்கு வித்தியாசம்கூடத் தெரியாது. ஒவ்வொரு மாதிரியையும் குறைந்தது இரண்டு நீர்ப்பில் அளந்து, திருப்பிப் பெருக்கினால் ஒரே எண் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் அந்த எண்ணை எழுதாதீர்கள்.

திட்டக்கரைசலையும் (அளவு தெரிந்த 20-இ கரைசல்) சோதிக்கவும். 20-இ 242 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சும், வளையத்தில் இருக்கும் 7-ஈன்-6-ஓன் அமைப்பின் கைரேகை அது. எடைபோட்டு 1 மில்லிகிராம்/மில்லி என்று எழுதியிருந்தால் 2.08 மில்லிமோலார் இருக்க வேண்டும். பழைய புட்டி அப்படி இருப்பதில்லை.

கடைசியாக, கிட் காட்டும் எண் "20-இ-க்கு ஈடான அளவு" மட்டுமே. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எல்சி-எம்எஸ் (மூலக்கூறுகளைப் பிரித்து எடையால் அடையாளம் காணும் கருவி) வேண்டும்.

பழ_ஈ

ஈ வைச்சிருக்கவங்களுக்கு இடது-வலது முறை கிடைக்காது. ட்ரோசோஃபிலாவில் (பழ ஈ) முன்மார்புச் சுரப்பி, கார்ப்போரா அல்லாட்டா, கார்ப்போரா கார்டியாக்கா ஆகிய மூணு ஹார்மோன் சுரப்பிகளும் ஒண்ணாச் சேர்ந்து வளையச் சுரப்பியா மூளைக்கு மேல உட்கார்ந்திருக்கு. ஆனா அங்க வேற வசதி: பாண்டம் இயக்கியை (முன்மார்புச் சுரப்பியில் வேலை செய்யற ஜீன் சுவிட்ச்) வச்சு அந்தச் சுரப்பியில் மட்டும் ஒரு ஜீனை ஆர்என்ஏஐ மூலம் அமுக்கலாம். எக்டைசோன் வராம, புழு மூணாம் பருவத்திலேயே தின்னுக்கிட்டே பருத்துப் போகும், கூட்டுப்புழு ஆகாது.

எந்தப் படி தடைபட்டிருக்குன்னு தீனியை வச்சே கண்டுபிடிக்கலாம். பூச்சிகளால ஸ்டீரால் வளையத்தைத் தானா கட்ட முடியாது, கொலஸ்ட்ரால் சாப்பாட்டிலிருந்துதான் வரணும். முதல் படி நெவர்லேண்ட் நொதி, கொலஸ்ட்ராலை 7-டிஹைட்ரோ கொலஸ்ட்ராலாக்கும். பிறகு ஸ்பூக், ஷ்ரௌட் எல்லாம் இருக்கிற, இன்னும் முழுசா விளங்காத கருப்புப்பெட்டி. அப்புறம் பாண்டம், டிசெம்பாடீட், ஷேடோ வரிசையா 25, 22, 2-ஆம் கார்பன்களில் ஹைட்ராக்சில் ஏத்தும். தீனியில் 7-டிஹைட்ரோ கொலஸ்ட்ரால் கலந்து புழு மீண்டா தடை நெவர்லேண்டில். அதுக்கு மீளாம எக்டைசோனுக்கு மீண்டா, கீழே ஏதோ ஒரு படி. 20-இ தீனியில் மில்லிக்கு 0.2 முதல் 1 மில்லிகிராம் வரைக்கும் போடுறாங்க.

நிறைய பேர் விழுற குழி: பாண்டம் இயக்கியை வச்சு ஷேடை அமுக்கிட்டு "ஒண்ணும் ஆகலை, ஷேட் தேவையில்லை"ன்னு முடிவு கட்டுறது. ஷேட் அந்தச் சுரப்பியிலேயே வேலை செய்யலை, அமுக்கி என்ன பயன்.

இன்னொண்ணு, ஈஸ்ட் தின்னு வளர்ற ஈ புழுவில் 28 கார்பன் உள்ள மாகிஸ்டெரோன் ஏ என்ற தோலுரிப்பு ஹார்மோனும் இருக்கும். செடியிலும் பூஞ்சையிலும் வர்ற ஸ்டீராலோட பக்கச் சங்கிலியை வெட்டி கொலஸ்ட்ராலாக்க ட்ரோசோஃபிலாவுக்குத் தெரியாது. பட்டுப்புழுவுக்குத் தெரியும், அதனாலதான் மல்பெரி இலையை மட்டும் தின்னு 27 கார்பன் ஹார்மோன் செய்யுது.

வரப்பு

1954-இல் பூட்டெனாண்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக்கூட்டுப்புழுவிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோன் படிகம் எடுத்தாங்க. அமைப்பு தெரிய 1965 ஆச்சு. இப்போ 10 மைக்ரோகிராமை 12 மணி நேரத்துக்கு ஒருதரம் வீணடிக்கிற வசதி வந்திருக்கு!

புழுக்கூடு

சிரித்துவிட்டேன். சரி, தோல் முழுசாகக் கழல எப்படிக் கொடுக்க வேண்டும்? கூடுதலாக ஒரு சந்தேகம்: பட்டு வளர்ப்பில் தாவர எக்டைசோனை இலையில் தெளித்துப் புழுக்களை ஒரே நேரத்தில் கூடு கட்ட வைக்கிறார்களே, அது மட்டும் எப்படிச் சரியாக நடக்கிறது?

சுரப்பி_நோக்கி

இரண்டுக்கும் ஒரே பதில்: தெளிப்பவர்கள் கூட்டத்தில் முதல் ஐந்து பத்து சதவீதம் புழுக்கள் பழுத்த (கூடு கட்டத் தயாரான) பிறகுதான் தெளிக்கிறார்கள். அப்போது மற்றவையும் தீனி முடிக்கும் தறுவாயில் இருக்கும், ஜுவனைல் ஹார்மோன் (புழு நிலையிலேயே வைத்திருக்கும் ஹார்மோன்) வடிந்திருக்கும், சொந்தச் சுரப்பியே ஏற்றத்தைத் தொடங்கியிருக்கும். வெளியிலிருந்து வரும் 20-இ, பின்தங்கியவற்றைச் சில மணி நேரம் முன்னே தள்ளுகிறது, அவ்வளவுதான். அதையே இரண்டு நாள் முன்னால் தெளித்தால் தீனி நின்று, பட்டுச் சுரப்பி நிரம்பாமல் கூடு சிறுத்துப்போகும்.

நீங்கள் போடும் நேரத்தில் ஜுவனைல் ஹார்மோன் இன்னும் இருக்கிறது, அது இயக்கும் கேஆர்-எச்1 ஜீன் விழித்திருக்கிறது. அந்தச் சூழலில் வரும் 20-இ, கூட்டுப்புழுத் தோலை அல்ல, இன்னொரு புழுத் தோலைத்தான் போட வைக்கும். கடைசிப் பருவத்தில் இயற்கை முதலில் ஒரு சிறிய ஏற்றத்தைக் கொடுத்து "இனி கூட்டுப்புழு" என்று மேல்தோலைத் தீர்மானிக்க வைக்கிறது, பெரிய உச்சம் அதற்குப் பிறகு. அந்தச் சிறிய ஏற்றத்தைத் தாண்டிக் குதித்து ஒரேயடியாகப் பெரிய அளவைக் கொட்டினால் இப்படித்தான் ஆகும்.

உங்களுக்குத் தேவை ஹார்மோனின் வேலையைக் காட்டுவது மட்டும் என்றால், வயிற்றைத் தனிமைப்படுத்துங்கள். ஃபுகுடா 1940-இல் பட்டுப்புழுவில் செய்ததன் எளிய வடிவம்: மார்புக்குப் பின்னால் பட்டு நூலால் இறுக்கிக் கட்டி, முன்பகுதியை வெட்டிவிடவும். சுரப்பி முன்பக்கம் போய்விடுவதால் பின்பகுதி புழுத் தோலோடு அப்படியே கிடக்கும். கட்டு தளர்ந்தால் ஹீமோலிம்ப் கசிந்து சுருங்கும், அதனால் இரட்டை முடிச்சு. ஒரு நாள் விட்டு, சுருங்காதவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஒற்றை ஊசி: எத்தனால் கரைசலை 10 சதவீத எத்தனாலுக்கு மேல் போகாமல் சலைனில் நீர்க்கச் செய்து, 5 மைக்ரோலிட்டர், வயிற்றுக் காலின் அடிவழியாக. முதுகில் குத்தினால் இதயக்குழாயில் பட்டுக் கசிவு நிற்காது. உடல் எடை கிராமுக்கு 1 மைக்ரோகிராமில் தொடங்கி மேலே போங்கள். புதுக் கியூட்டிக்கிள் உருவாவதை இதில் நன்றாகப் பார்க்கலாம். ஆனால் தலை இல்லாததால் எக்லோஷன் ஹார்மோன் கிடையாது, தோல் தானாகக் கழலும் என்று எதிர்பார்க்காதீர்கள், இடுக்கியால் உரித்துப் பார்க்க வேண்டும்.

முழுப் புழுவில் தோல் கழல்வதைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் நான்காம் பருவத்துக்குப் போங்கள். தலை ஓடு நழுவும் நேரத்தையும், அதன் பிறகு பழைய சுவாசத்துளைக்குப் பக்கத்தில் புதுச் சுவாசத்துளை எவ்வளவு தெரிகிறது என்பதையும் வைத்துப் புழுக்களை வகை பிரிக்க ஒரு குறியீட்டு முறையே பட்டுப்புழுவுக்கு இருக்கிறது. நாள் கணக்கை விட அது நம்பகமானது. ஒரே குறியீட்டில் நிற்கும் புழுக்களில் பாதிக்குச் சலைன், பாதிக்கு 20-இ போட்டுக் கழல்வது எவ்வளவு தள்ளிப்போகிறது என்று அளந்தால், நிறமாலை சொன்ன இறக்கத்தின் தேவை எண்ணாகவே கையில் கிடைக்கும்.

புழுக்கூடு

நான்காம் பருவத்திலேயே செய்கிறேன். திட்டக்கரைசல் எத்தனாலில் கழித்தல் 20 டிகிரியில் இருக்கிறது, எவ்வளவு காலம் தாங்கும்?

நிறமாலை

மூலக்கூறு எளிதில் கெடாது. ஆவியாவது எத்தனால். அடிக்கடி திறக்கும் புட்டியில் செறிவு மெல்ல ஏறிக்கொண்டே போகும். சிறு சிறு கண்ணாடிக் குப்பிகளில் பிரித்து, உலர்த்தி வைத்து, தேவைப்படும் அன்று கரைத்து 242-இல் ஒருமுறை பாருங்கள்.